மகளுக்கு பியானோ ஆடிஷன், முந்துன நாளே காலேஜுக்கு போனா என்னென்ன பாக்கணும்?

புதூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மதுரை கே.புதூர். மக பிளஸ் டூ படிக்கிறா, பியானோல டிரினிட்டி எட்டாவது கிரேடு முடிச்சிட்டா, இப்ப டிகிரியும் பியானோலதான் பண்ணுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சென்னைல ஒரு மியூசிக் காலேஜ்ல ஆடிஷனுக்கு கூப்பிட்டிருக்காங்க. முந்துன நாளே வந்து காலேஜ சுத்திப் பாக்கலாம், பிராக்டிஸ் ரூம்ல வாசிச்சும் பாத்துக்கலாம்னு மெயில் போட்டிருக்காங்க. எங்க சொந்தத்துல யாரும் இந்தப் படிப்பு பக்கமே போனதில்ல, இவ அப்பாவுக்கு இஞ்சினியரிங் காலேஜ்னா லேப் எப்படி பிளேஸ்மென்ட் எப்படின்னு கேக்கத் தெரியும், மியூசிக் காலேஜ்ல போயி என்னத்த கேக்குறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. வீட்ல இருக்குறது டிஜிட்டல் பியானோ, 88 கீ, நெசப் பியானோ மாதிரி கீ கனமா இருக்குற வெயிட்டட் டைப். நெசப் பியானோவ அவ பரீட்சைக்குப் போன எடத்துல தொட்டதோட சரி. பாக் பிரிலூட் ஃபியூக் ஒண்ணு (ஃபியூக்குன்னா ஒரே மெட்டு கொரல் கொரலா மாறி மாறி நுழையிற பாட்டாம்), பீத்தோவன் சொனாட்டால மொத மூவ்மென்ட், அதாவது மொத பகுதி, ஷோபன் ஒண்ணு, பார்ட்டோக் ஒண்ணுன்னு நாலு மேற்கத்திய இசையமைப்பாளருங்க பாட்டு ரெடி பண்ணி வச்சிருக்கா. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நரிமேடு_டீச்சர்:
நான் இருபது வருசத்துக்கு மேல இங்க பியானோ சொல்லிக் குடுக்குறேன், என்கிட்ட படிச்ச புள்ளைங்க சிலபேரு இந்த மாதிரி ஆடிஷன் போயிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வாங்க, மத்ததெல்லாம் அப்பறம். "எம்புள்ளைக்கு தனியா உக்காந்து பியானோ சொல்லிக் குடுக்கப் போறது யாரு?" இதுக்கு ஒரு பேரு வரணும். "எங்க ஃபேகல்டி எல்லாருமே நல்லவங்க, அட்மிஷன் ஆனப்பறம் சொல்லுவோம்"னு சொன்னா விடாதீங்க, மறுபடி கேளுங்க. பியானோ டிகிரிங்கறது கிளாஸ்ரூம்ல அம்பது பேரோட உக்காந்து நோட்ஸ் எடுக்குற படிப்பு இல்லம்மா, தியரி ஹிஸ்டரி எல்லாம் அப்படி நடக்கும், ஆனா மெயின் சப்ஜெக்ட்டுங்கறது ஒரு வாத்தியாரும் ஒரு புள்ளையும் ஒரே ரூம்ல வாரா வாரம் உக்காந்து பண்றது. அந்த வாத்தியார் மூணு நாலு வருசம் அவ கைய, மணிக்கட்ட, அவ எதக் கேக்குறா எதக் கேக்காம விடுறாங்கறத மாத்தி அமைக்கப் போறவரு. அவர பாக்காம பில்டிங்க பாத்துட்டு வந்து என்ன பிரயோஜனம்.

வாரத்துக்கு தனி லெசன் எத்தன நிமிசம்னும் கேளுங்க, அரை மணியா ஒரு மணியான்னு. அதுல ரொம்ப வித்தியாசம் இருக்கு. அப்பறம் முடிஞ்சா அந்த வாத்தியார்கிட்ட ஒரு ட்ரையல் லெசன் கேட்டு மெயில் போடுங்க, காசு குடுத்தாவது. பல காலேஜ்ல பண்ணுவாங்க, கேக்குறது தப்பில்ல.

விளாங்குடி_ராஜா:
நம்ம பசுமலைலயே அரசு இசைக் கல்லூரி இருக்கே, புள்ளைய எதுக்கு அம்புட்டு தூரம் அனுப்பணும்?

பசுமலை_ராகம்:
ராஜா அண்ணே, நான் அங்க வயலின் படிச்சவன். நல்ல காலேஜ், ஆனா அங்க பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில்னு நம்ம சங்கீதம். அக்கா மக கேக்குறது மேற்கத்திய பியானோ, அது தனிப் பாடத்திட்டம். சென்னைல ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல ஆரம்பிச்ச கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி மாதிரி எடத்துலதான் முழுநேரமா அத படிக்க முடியும். மதுரைல கிரேடு பரீட்சை வரைக்கும் கூட்டிட்டுப் போற வாத்தியாருங்க இருக்காங்க, அதுக்கு மேல ஊர விட்டு கெளம்பித்தான் ஆகணும்.

அக்கா, ஆடிஷன்ல காதுக்கும் டெஸ்ட் வைப்பாங்க, ரெண்டு சுரம் வாசிச்சு எடவெளி என்னன்னு கேப்பாங்க, ஒரு சின்ன மெட்ட வாசிச்சு திருப்பிப் பாடச் சொல்லுவாங்க. பாப்பா சின்ன வயசுல சரளி வரிசை படிச்சிருந்தா அது இங்க நல்லா கை குடுக்கும். ஸ - ப மனசுக்குள்ள பாடத் தெரிஞ்ச புள்ளைக்கு பெர்ஃபெக்ட் ஃபிஃப்த்ங்கற எடவெளி தன்னால தெரியும்.

சுதி_சேக்குறவன்:
திண்டுக்கல்லு நானு, பியானோ டியூனிங் சர்வீஸ் வேலை, மதுரை கொடைக்கானல் பக்கமெல்லாம் வருவேன். டீச்சரம்மா சொன்னது சரி, ஆனா எனக்கு இந்த "டிஜிட்டல்ல மட்டும் வாசிச்சிருக்கா"ங்கற வரிதான் உறுத்துது, அதப் பத்தி மட்டும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

டிஜிட்டல்ல கம்பியே கெடையாது. நெசப் பியானோல கம்பி மட்டும் 220-க்கு மேல, எல்லா இழுவையும் சேந்தா பதினஞ்சு இருபது டன் வரும், அத இரும்பு ஃபிரேம் தாங்கி நிக்கிது. கீய அமுக்குனா ஹேமர்னு ஒரு சின்ன சுத்தியல் போயி கம்பிய அடிச்சிட்டு ஒடனே விலகிரும். கிராண்டு பியானோல, அதான் கம்பி படுத்துக் கெடக்குற பெரிய பியானோல, ஹேமர் கீழருந்து மேல போயி அடிக்கும், தன் வெயிட்டுலயே கீழ விழும். கம்பி செங்குத்தா நிக்கிற அப்ரைட்ல படுக்கவசத்துல போயி அடிக்கும், அத இழுத்து திரும்பக் கொண்டார ஸ்பிரிங்கும் பட்டையும் வேணும். அதுனாலதான் ஒரே சுரத்த வெரசா திருப்பித் திருப்பி அடிக்கும்போது அப்ரைட்டு திணறும், கிராண்டு திணறாது. 1821-ல எரார்னு பாரிஸ்ல பியானோ செஞ்சவரு ஒரு லீவர் கண்டுபிடிச்சாரு, கீ முழுசா மேல வராமலே அடுத்த அடி அடிக்கலாம், இன்னைக்கு வரைக்கும் எல்லா கிராண்டுலயும் அந்த வழிதான். ஆடிஷன் ரூம்ல பெரும்பாலும் கிராண்டுதான் வச்சிருப்பாய்ங்க. பாப்பா டிஜிட்டல்ல பழகுன வேகத்த அங்க அப்படியே போட்டா சத்தம் அவ நெனச்ச மாதிரி வராது.

அடுத்தது பெடல். வெல கம்மியான டிஜிட்டல்ல வலது பெடல் சும்மா சுவிட்ச்சு மாதிரி, அமுக்குனா ஆன் எடுத்தா ஆஃப். நெசத்துல, சத்தத்த அமத்துற டேம்பர் கம்பிய விட்டு கொஞ்சங்கொஞ்சமா விலகும், அரை பெடல் கால் பெடல்னு காலாலயே சத்தத்த கலக்கலாம். ஷோபன் வாசிக்கிற புள்ளைக்கு அது தெரியாம முடியாது. இடது பெடலும் அப்படித்தான், கிராண்டுல அத அமுக்குனா கீபோர்டே வலது பக்கம் லேசா நகரும், மூணு கம்பி இருக்குற எடத்துல ஹேமர் ரெண்ட மட்டும் அடிக்கும், மொத தடவ பாக்குற புள்ள பதறிப் போகும். முன்னாடியே சொல்லி வைங்க.

புதுசா வாங்குன மாட்ட ஒரு நடை வெறும் வண்டில பூட்டிப் பாக்குற மாதிரி, முந்துன நாள் பிராக்டிஸ் ரூம்ல மொத அரை மணி நேரம் பாட்டு எதுவும் வேணாம், வெறும் ஸ்கேல், ரொம்ப மெதுவா, ரொம்ப சின்ன சத்தத்துல. எவ்ளோ மெதுவா அமுக்குனா சத்தமே வராமப் போகுதுன்னு அந்த எல்லைய விரலு கண்டுபிடிக்கணும். அது ஒவ்வொரு பியானோவுக்கும் வேற வேற.

இன்னொண்ணு, அந்த பிராக்டிஸ் ரூம் பியானோங்க சுதி சேந்திருக்கான்னு காது குடுத்துக் கேளுங்க. பியானோவுக்குள்ள சவுண்ட்போர்டுன்னு ஸ்ப்ரூஸ் மரப் பலகை இருக்கு, ஈரக் காத்துல அது உப்பும், சுதி ஏறும், காஞ்ச காத்துல சுருங்கும், சுதி எறங்கும். சென்னை கடல் காத்து, பகல்ல ஏ.சி. ராத்திரி ஏ.சி. ஆஃப்னு இருந்தா எந்த பியானோவும் நிக்காது. வருசத்துக்கு எத்தன தடவ டியூனிங் பண்றீங்க, ரூம்ல ஈரப்பதம் பாக்க மீட்டர் வச்சிருக்கீங்களான்னு ஆபீஸ்ல கேளுங்க. நல்லா நடத்துற எடம்னா ஒடனே பதில் வரும். மேடைல ஒரு பெரிய கிராண்டு பளபளன்னு நிக்கிறது முக்கியமில்ல, புள்ள தெனம் வாசிக்கப் போறது அந்த சின்ன ரூம்ல இருக்குற பியானோவத்தான்.

புதூர்_அம்மா:
அண்ணே இவ்ளோ வெவரமா யாருமே சொன்னதில்ல, ரொம்ப நன்றி. நாளைக்கே மகள படிக்கச் சொல்றேன். மதுரைல நெசப் பியானோ எங்க கெடைக்கும், அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

வெளிவீதி_ஆர்கனிஸ்ட்:
பழைய சர்ச்சுகள்ல கேளுங்க சிஸ்டர். அமெரிக்கன் மிஷன் 1834-ல மதுரைக்கு வந்தாங்க, அந்த வழில வந்த சர்ச்சு, ஸ்கூல், ஹாஸ்டல்னு சில எடத்துல இன்னைக்கும் அப்ரைட் பியானோ இருக்கு. எல்லாம் நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன், சிலதுல கரையான் பூந்திருக்கும், ஆனா வாசிக்கிற நிலைல உள்ளதும் இருக்கு. நான் வாசிக்கிற சர்ச்சுல கொயர் பிராக்டிஸ்க்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் ஹால் சும்மாதான் கெடக்கும், ஆயர்கிட்ட கேட்டு சொல்றேன், தனி மெசேஜ் பாருங்க. அப்ரைட்டா இருந்தாலும் பரவால்ல, ஒரு பெரிய ஹாலுக்குள்ள தன் சத்தம் போயி சுவத்துல பட்டு திரும்பி வர்றத அவ கேக்கணும். ஹெட்போன் மாட்டி வாசிச்சுப் பழகுன புள்ளைங்க எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு, சத்தம் காதுக்குள்ளயே கேக்குறதால கைல பலம் குடுக்கவே மாட்டாங்க.

ஒரு முக்கியமான விஷயம், வீட்ல செருப்பில்லாம வெறுங்காலோட பெடல் அமுக்கித்தான் நம்ம புள்ளைங்க எல்லாம் பழகுறாங்க. ஆடிஷனுக்கு ஷூ போட்டுட்டுப் போவாங்க. அடி கனமான ஷூன்னா பெடல் எங்க இருக்குன்னே காலுக்குத் தெரியாது. என்ன போட்டுக்கப் போறாளோ அத இப்பருந்தே போட்டுட்டு வாசிக்கட்டும். டிரெஸ்ஸும் அப்படித்தான், தோள்பட்டை இறுக்குற கையி வேணாம், துப்பட்டா கீ மேல விழுகாத மாதிரி பாத்துக்கங்க.

திருமங்கலத்தான்:
நான் அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டில பியானோ படிச்சவன், அங்க ஆடிஷன் எப்படி நடக்கும்னு சொல்றேன், இங்க எப்படின்னு காலேஜ்ல கேட்டுக்கங்க. அங்க பல பெரிய மியூசிக் ஸ்கூல்ல மொதல்ல வீடியோ அனுப்பணும், பிரீஸ்கிரீனிங்னு பேரு, டிசம்பர் ஒண்ணாந்தேதி வாக்குல கடைசி நாள் வரும், அதுல தேறுனா ஜனவரி பிப்ரவரில நேர்ல கூப்பிடுவாங்க. சரியான குளிரு, வெளிய இருந்து உள்ள வந்ததும் விரலு மரக்கட்டை மாதிரி இருக்கும், அதுக்காகவே வார்ம்அப் ரூம் தருவாங்க.

உள்ள போனா ரெண்டு மூணு புரொஃபசர் உக்காந்திருப்பாங்க. மொத்தமே பத்துப் பதினஞ்சு நிமிசம். நம்ம ஒரு மணி நேரத்துக்கு ரெடி பண்ணிட்டுப் போனாலும் அவ்ளோதான். மொத பாட்டு எதுன்னு நம்ம சொல்லலாம், அடுத்தது அவங்க கேப்பாங்க. பாதில "தேங்க் யூ, அந்த சொனாட்டால டெவலப்மென்ட்ங்கற நடுப்பகுதிலருந்து வாசிங்க"ன்னு நிறுத்துவாங்க. இத பாப்பாகிட்ட கண்டிப்பா சொல்லி அனுப்புங்க. நிறுத்துனா பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல, அவங்களுக்கு வேண்டியது கெடைச்சிருச்சு, அடுத்தத பாக்கணும், நேரம் கம்மி, அம்புட்டுதான். இது தெரியாம நல்லா வாசிக்கிற பசங்க மொகம் வாடி அடுத்த பாட்ட கெடுத்துருவாங்க. வீட்ல நீங்களே எங்கிட்டாவது ஒரு எடத்துல நிறுத்தி, "அந்தப் பக்கத்துலருந்து வாசி"ன்னு சொல்லிப் பழக்குங்க, அதுக்கு உங்களுக்கு இசை தெரியணும்னு அவசியமில்ல.

டீச்சர் மேடம் சொன்னத நான் அப்படியே வழிமொழியிறேன். அங்க ஒவ்வொரு புரொஃபசருக்கும் ஸ்டுடியோன்னு ஒரு குரூப்பு, அதுல ஒரு வருசத்துக்கு கொஞ்ச எடம்தான் காலியாகும். எடம் இல்லன்னா எவ்ளோ நல்லா வாசிச்சாலும் அவருகிட்ட போக முடியாது. நான் போன ஒரு எடத்துல பில்டிங்கும் ஹாலும் பாத்து அசந்துட்டேன், ஆனா ட்ரையல் லெசன் குடுத்தவரு நாப்பது நிமிசமும் அவர் ஸ்டூடன்ட்ஸ் வாங்குன பிரைஸ் பத்தியே பேசுனாரு. இன்னொரு எடத்துல பழைய கட்டடம், லிஃப்ட்டு கெடையாது, அங்க இருந்த அம்மா என் இடது கை சுண்டு விரல மட்டும் பாத்துட்டு, நீ ஏன் இத ஒளிச்சு ஒளிச்சு வாசிக்கிறன்னு கேட்டாங்க. யாருமே அதுவரைக்கும் அத கவனிச்சதில்ல. நான் அங்கதான் சேந்தேன்.

அவங்க அப்பாவுக்கு ஒண்ணு. டிகிரி பேர பாத்துக்கங்க. அங்க பேச்சலர் ஆஃப் மியூசிக்னா மூணுல ரெண்டு பங்கு பாடம் இசைதான், பி.ஏ. மியூசிக்னா மூணுல ஒரு பங்கு வாக்குல இருக்கும், மிச்சம் வேற பாடம் எடுக்கலாம். ரெண்டும் வேற வேற வாழ்க்கை. பின்னாடி வெளிநாடு போற எண்ணம் இருந்தா, ஃபிலடெல்ஃபியால கர்டிஸ்னு ஒரு இன்ஸ்டிட்யூட், 1928-லருந்து யாருகிட்டயும் டியூஷன் ஃபீஸ் வாங்குறதில்ல, ஆனா எடுக்குறது ரொம்ப ரொம்ப கொஞ்சம் பேர.

நரிமேடு_டீச்சர்:
திருமங்கலம் தம்பி அருமையா சொன்னீங்க. நான் ஒண்ணு சேத்துக்குறேன், மொத பாட்டா பாக் வைக்கச் சொல்லுங்க. கை சூடாகும், மனசு ஒருமுகப்படும், பேனலுக்கும் இந்தப் புள்ளைக்கு ஒவ்வொரு கொரலா பிரிச்சுக் கேக்கத் தெரியுதான்னு ஒடனே புரிஞ்சிரும்.

திருமங்கலத்தான்:
மேடம், இதுல மட்டும் எனக்கு வேற கருத்து. ஃபியூக்கு மனப்பாடம் வழுக்குற எடம். பழக்கமில்லாத பியானோ, பழக்கமில்லாத ஹால், மொத நிமிசத்துல மூணாவது கொரலு எங்க நுழையிதுன்னு ஒரு செகண்டு மறந்தா நூல் அறுந்துரும், அப்பறம் புடிக்க முடியாது. பீத்தோவன் மொத மூவ்மென்ட்ட முதல்ல வச்சா, அதுல கட்டம் தெளிவா இருக்கும், தடுமாறுனாலும் அடுத்த தீம்ல ஏறிக்கலாம்.

நரிமேடு_டீச்சர்:
அதுக்கு வழி இருக்கு தம்பி. ஃபியூக்க ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் ஒரே ஓட்டமா மனப்பாடம் பண்ணக் கூடாது. சப்ஜெக்ட், அதான் அந்த மெயின் மெட்டு, ஒவ்வொரு தடவ நுழையிற எடத்தையும் ஒரு வாசப்படியா வச்சு, எந்தப் படிலருந்து ஆரம்பிக்கச் சொன்னாலும் ஆரம்பிக்கணும். கடைசிப் படிலருந்து பின்னாடி பின்னாடி வந்து பழகச் சொல்லுங்க. அது வந்திருச்சுன்னா பாக் முதல்ல, வரலன்னா தம்பி சொன்ன மாதிரி பீத்தோவன் முதல்ல. எது முதல்லன்னு அந்தப் புள்ள முடிவு பண்ணட்டும், மேடைல உக்காரப் போறது அவதான்.

ஹாஸ்டல்_வாசி:
அக்கா நான் இப்ப சென்னைல மியூசிக் படிச்சிட்டு இருக்கேன், ஊரு மேலூர். யாரும் சொல்லாதது ஒண்ணு சொல்றேன். காலைல டூர் கூட்டிட்டுப் போகும்போது பிராக்டிஸ் ரூம் எல்லாம் காலியா அழகா இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீங்களா ஒரு தடவ போயி நின்னு பாருங்க. வெளிய கியூ நிக்குதா, ரூம் புக் பண்ணணுமா, ஒரு ஆளுக்கு எவ்ளோ நேரம், ராத்திரி எத்தன மணிக்கு பூட்டுவாங்க, ஞாயித்துக்கிழமை தெறப்பாங்களா. பியானோ படிக்கிறவங்க மத்தவங்க மாதிரி வாத்தியத்த ஹாஸ்டலுக்கு தூக்கிட்டுப் போக முடியாது, ரூம் கெடைச்சாதான் பிராக்டிஸ். ராத்திரி பிராக்டிஸ் முடிச்சு ஹாஸ்டலுக்கு எப்படி திரும்புறதுன்னும் கேளுங்க, நடக்குற தூரமா, காலேஜ் வண்டி இருக்கான்னு. அங்க படிக்கிற புள்ளைங்ககிட்ட வாத்தியார் இல்லாத எடத்துல பேசுங்க, "உங்க சார் லெசன அடிக்கடி கேன்சல் பண்ணுவாரா"ன்னு கேளுங்க, உண்மைய சொல்லுவாங்க.

ஆடிஷன் ரூமுக்குள்ள அம்மா அப்பாவ விட மாட்டாங்க. இன்டர்வியூல "ஏன் இந்த காலேஜ்"னு அவகிட்டதான் கேப்பாங்க. அவளே பேசட்டும், இங்கிலீஷ் தடுமாறுனாலும் பரவால்ல.

புதூர்_அம்மா:
இவ அப்பா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிச்சிட்டு இருக்காரு. அவரு கேக்கச் சொன்னது, இத படிச்சிட்டு வந்தா என்ன வேலை? கோவமா கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறாரு. இன்னொண்ணு, பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல நைட்டு ஏறி காலைல எறங்கி நேரா போயிரலாமான்னும் கேக்குறாரு.

நரிமேடு_டீச்சர்:
கேக்க வேண்டிய கேள்விதான் சார், பொய் சொல்ல மாட்டேன், மேடைல தனியா கச்சேரி பண்ணி சம்பாதிக்கிறவங்க ரொம்பக் கொஞ்சம். ஆனா சொல்லிக் குடுக்குற வேலைக்கு ஆளு பத்தல, இன்டர்நேஷனல் ஸ்கூல்ல டிகிரி உள்ள டீச்சரத் தேடுறாங்க. அப்பறம் அக்கம்பனிஸ்ட் வேலை, பாட்டு படிக்கிறவங்க, வயலின் வாசிக்கிறவங்க எல்லாருக்கும் பரீட்சைக்கும் கச்சேரிக்கும் கூட பியானோ வாசிக்க ஆளு வேணும், சைட் ரீடிங், அதாவது புது நோட்ட பாத்த ஒடனே வாசிக்கிறது, நல்லா வர்ற புள்ளைக்கு சும்மா இருக்க நேரமே இருக்காது. அதுனால சைட் ரீடிங்க ஆடிஷனுக்காக மட்டும்னு நெனைக்க வேணாம், தெனம் புதுசா ஒரு பக்கம் படிக்கட்டும், தப்பு வந்தாலும் நிக்காம தாளம் விடாம போகணும். நம்ம இளையராஜாவப் பாருங்க, அவரு ஊரு பண்ணைப்புரம் அப்ப மதுரை மாவட்டம்தான், சென்னைக்குப் போயி தன்ராஜ் மாஸ்டர்கிட்ட உக்காந்து மேற்கத்திய இசை எழுத்து படிச்சாரு, அங்கருந்து 2025 மார்ச்சுல லண்டன்ல சிம்பொனி வரைக்கும் போனாரு. எல்லாரும் ராஜா ஆக முடியாது சார், ஆனா சரியான வாத்தியார் ஒருத்தர்கிட்ட போயி உக்காந்ததுல இருந்துதான் அவரு கதையும் ஆரம்பிக்குது.

பாண்டியன்ல தாராளமா போங்க, ஆனா ஆடிஷன் அன்னைக்கு காலைல எறங்குற மாதிரி வேணாம். முந்துன நாள் காலைல எறங்குங்க, குளிச்சு சாப்ட்டு மத்தியானம் காலேஜுக்குப் போங்க, ராத்திரி நல்லா தூங்கட்டும்.

புதூர்_அம்மா:
மெயில் போட்டோம் மேடம், பதில் வந்திருச்சு! வாத்தியார் பேரு குடுத்திருக்காங்க, முந்துன நாள் மூணு மணிக்கு ட்ரையல் லெசனும் போட்டிருக்காங்க. மக குதிக்கிறா. பீத்தோவன்தான் ரொம்ப சுத்தமா இருக்கு, அதையே வாசிச்சுக் காட்டவான்னு கேக்குறா.

நரிமேடு_டீச்சர்:
ரொம்ப சந்தோசம்மா. பீத்தோவன ஆடிஷனுக்கு வச்சுக்கட்டும். லெசனுக்கு அவளுக்கு எது இன்னும் வரலையோ அத கொண்டு போகச் சொல்லுங்க, ஷோபன்ல எந்த எடத்துல கை சிக்குதோ அந்தப் பக்கத்தையே தொறந்து வச்சு, "சார் இது எனக்கு வரல"ன்னு சொல்லட்டும். நல்லா வர்ற பாட்ட வாசிச்சா யாரும் பாராட்டத்தான் செய்வாங்க, அதுல அந்த வாத்தியார் எப்படிப்பட்டவருன்னு தெரியாது. வராத எடத்த அவரு எப்படி சரி பண்ணுறாரு, தானே வாசிச்சுக் காட்டிட்டு "இப்படி வாசி"ன்னு விட்டுறாரா, இல்ல அவ கை ஏன் சிக்குதுன்னு பொறுமையா தேடுறாரான்னு பாத்துக்கச் சொல்லுங்க. லெசன் முடிஞ்சு வெளிய வந்ததும் நீங்க எதுவும் கேக்காதீங்க, அவளே பேசட்டும்.